ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை பிடித்த வருஷம்

மே 6, 2024, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்றும் பிள்ளை பிடிக்கப் போனோம், நானும் கோபால் சாரும்.

"பிள்ளை பிடிக்கிறதுன்னு சொல்லாதீங்க, அசிங்கமா இருக்கு" என்கிறாள் என் மனைவி ஷாரோன். வேறு எப்படிச் சொல்ல? அரசு உதவி பெறும் பள்ளியில் வாத்தியாராக இருப்பவனுக்குக் கோடை விடுமுறையில் இதுதான் உத்தியோகம். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "ஒங்க பையனை எங்ககிட்ட விடுங்க" என்று கெஞ்ச வேண்டும். ஆகஸ்டில் கல்வித்துறையிலிருந்து வந்து தலையை எண்ணுவார்கள். பையன்கள் குறைந்தால் வாத்தியார் 'உபரி'. போன வருஷம் கணக்கு சாரும் அறிவியல் சாரும் உபரியாகி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷமும் ஆறாவது நிரம்பவில்லை என்றால் பள்ளியையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

வல்லம் வடகால் பக்கம் லைன் வீடுகளில் பாதிக் கதவு பூட்டு, மீதியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். ஒருத்தன் எழுந்து வந்து திட்டினான் பாருங்கள், காது கூசியது. கோபால் சார் பி.டி. மாஸ்டர், படப்பைக்காரர், அவருக்கு எதுவும் உறைக்காது. "வுடு சார், தூங்கினு இருந்தவன எழுப்பிட்டோம். நம்ம பேர்ல தான் மிஸ்டேக்கு" என்று சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு பையன்கூடக் கிடைக்கவில்லை.

மே 9, வியாழன்

தாளாளர் கூப்பிட்டார். ஃபாதர் இஞ்ஞாசி வந்து மூன்று வருஷம் ஆகிறது, நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் பாதிதான் பேசுவார். அடுத்த வருஷம் புனித யாகப்பர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் பவள விழாவாம். மலர் போட வேண்டுமாம். "வரலாறு நீங்கதான் எழுதணும், ஜோயல் சார். தமிழாசிரியர், பழைய மாணவர், ஒங்க அப்பாவும் இங்க படிச்சவரு. வேற யாரு இருக்கா?"

"முதல்ல ஆறாவது நிரம்பட்டும் ஃபாதர். அப்புறம் எழுதறேன்."

சிரித்தார். சிரிப்பு சரியில்லை.

மே 14, செவ்வாய்

கோயில் அறையில் பழைய காகிதங்களைப் பார்த்தேன், மீதி அப்பா சொன்னது.

பள்ளியைத் தொடங்கிய ஃபாதர் மொரே வெள்ளைக்காரர். அந்தக் காலத்தில் நம் ஜனங்களுடைய பையன்கள் எல்லாம் பண்ணையில் மாடு மேய்த்தார்கள். ஃபாதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக மேய்ச்சல் வெளிக்குப் போவாராம். கம்பை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாராம். சாயங்காலம் பண்ணை ஆள் தேடி வருவான். பையன்கள் பலிபீடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். ஃபாதர் வாசலில் நின்று, "இங்கே யாகப்பர்தான் இருக்கிறார், வேண்டுமானால் அவரைக் கூட்டிப் போ" என்பாராம் உடைந்த தமிழில். ஊரில் அவருக்குப் பேரே 'பிள்ளைபிடி சாமி'.

அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருத்தர் என் அப்பா. அவர் சைக்கிளில் ஏறாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? ஷாரோனிடம் காட்டிப் படித்தேன். "பாத்தியா, பிள்ளை பிடிக்கிறது எங்க குலத்தொழில்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

மே 20, திங்கள்

இன்றைக்கு ஒரு அம்மா என்னைக் கொன்றுவிட்டாள்.

பேர் தங்கமாரி. சங்கரன்கோவில் பக்கம். புருஷன் சுடலைக்கண்ணு டயர் கம்பெனியில் காண்ட்ராக்ட். பையன் ஐயனார் ஐந்தாவது முடித்திருக்கிறான். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"நாங்க வருசத்துக்கு ஒரு ரூம் மாறுதோம் சார். அவன் இதுவரைக்கும் மூணு பள்ளிக்கூடம் பாத்துட்டான். இனிமேலாவது ஒரே எடத்துல படிக்கட்டும். பத்து வரைக்கும் ஒங்க பள்ளிக்கூடம் இருக்குமா?"

"இருக்குமாவா? எழுபத்தஞ்சு வருஷமா இருக்கும்மா. எங்க ஓடிடப் போகுது?"

அப்புறம்தான் கேட்டாள். "தப்பா நெனைக்காதிய. ஒங்க பிள்ள எங்க படிக்கான்?"

கோபால் சார் முந்திக்கொண்டு, "எனுக்கு பொண்ணும்மா, பாய்ஸ் ஸ்கூல்ல எப்பிடி சேக்கிறது?" என்று தப்பித்தார். நான்? என் இனியவனும் ஐந்தாவதுதான் முடித்திருக்கிறான். படப்பையில் இங்கிலீஷ் மீடியம், டை, ஷூ, வேன். சொன்னேன். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே 21

எங்க படிக்கான்? எங்க படிக்கான்? நாள் பூராவும் இதே.

மே 26, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ஷாரோனிடம் சொன்னேன். இனியவனை எங்கள் பள்ளியில் சேர்க்கப் போகிறேன் என்று. ஆப்பக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒங்க வேலையக் காப்பாத்திக்க என் பிள்ளைய வைக்கிறீங்களா?"

வேலைக்காக இல்லை என்று கத்தினேன். அவளும் கத்தினாள். போன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், ஒரு லைனையே அதட்டுகிறவள், என்னிடமா தோற்பாள்? "நான் இன்டர்வியூ எடுக்கறேங்க. தமிழ் மீடியம் பிள்ளைங்க ஒரு வரி இங்கிலீஷ் பேச நடுங்குதுங்க. எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியாது."

நிஜமாகவே வேலைக்காக இல்லையா? இருக்கலாம், கொஞ்சம். ஆனால் நான் சொல்லிக்கொடுக்கிற இடம் என் பிள்ளைக்கு லாயக்கில்லை என்றால், ஊரார் பிள்ளையை எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? அது எப்படி நியாயம்?

கடைசியில் இனியவனையே கேட்டோம். அவன் கேட்டது ஒன்றுதான். "அங்க கிரவுண்டு இருக்காப்பா? எங்க ஸ்கூல்ல மொட்டை மாடியிலதான் பி.டி. பீரியட்."

"பெரிய கிரவுண்டுடா."

"அப்ப ஓகே."

ஷாரோன் ஒரு வருஷம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு வருஷம்தான்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. காக்கி நிஜாரில் இனியவன் ஆறாவது வரிசையில் நின்றான். பார்க்க எனக்கு அப்பா மாதிரியே இருந்தது, வாய்விட்டு அழுதிருப்பேன், பிரேயர் பாட்டு காப்பாற்றியது.

தங்கமாரி ஐயனாரை இழுத்துக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "எந்தப் பையன் சார் ஒங்களுது?" காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து ஐயனாரைக் கொண்டுபோய் அவனுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

ஜூன் 13

தங்கமாரி அவள் லைன் வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்துவிட்டாள். "வாத்தியாரு தன் பிள்ளையவே சேத்திருக்காரு" என்று சொல்லிச் சொல்லியே சேர்த்திருக்கிறாள். ஆறாவது நிறைந்துவிட்டது! கோபால் சார் மைதானத்தில் என்னைத் தூக்கிச் சுற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டது அவருக்கு.

ஜூலை 25, வியாழன்

யாகப்பர் திருவிழா. சப்பரத்தை மைதானத்தைச் சுற்றிப் பையன்கள் தூக்கினார்கள். எப்போதும் பத்தாவது பையன்கள் தூக்குவார்கள், ஆறாவது பையன்கள் முன்னால் பூப்போடுவார்கள். இனியவனும் ஐயனாரும் பூவைப் போடாமல் ஒருத்தன் தலையில் ஒருத்தன் கொட்டிக்கொண்டு வந்தார்கள். நான் முறைத்தேன், கேட்டால்தானே.

பழைய மாணவர் தாண்டவராயன் பெரிய காரில் வந்தார். படப்பையில் மனை விற்கிறார். மலருக்காக நினைவுகளைச் சொல்லுங்கள் என்றேன். அடி வாங்கியதைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை அவருக்கு. எந்தத் தூணில் கட்டிவைத்து அடித்தார்கள், எந்த சார், எந்தக் கையில். ஆசையாகச் சொன்னார்! அந்தத் தூணைக் கட்டிப்பிடித்து போட்டோ வேறு.

ஆகஸ்ட் 1

எண்ணினார்கள். தப்பித்தோம்.

செப்டம்பர் 18, புதன்

இனியவன் பேச்சே மாறிவிட்டது. "அம்மா, வெளாடப் போறேன், இந்தா வந்திருதேன்" என்கிறான். எல்லாம் ஐயனார் கைங்கரியம். ஷாரோன் முதலில் முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். கருத்துப் போய்விட்டான், முட்டி இரண்டும் காயம், வந்ததும் தட்டில் இன்னொரு கரண்டி சோறு கேட்கிறான். போன வருஷம் இதே பிள்ளைக்குக் கதை சொல்லிக் கதை சொல்லி ஊட்டினோம்.

"பரவாயில்லைங்க" என்றாள் ஷாரோன். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும்.

டிசம்பர் 2, திங்கள்

புயல் மழை. லீவு. எட்டாம் வகுப்புக் கூரையிலிருந்து பெரிய பெரிய காரையாக விழுந்திருக்கிறது, பெஞ்சே உடைந்துவிட்டது. உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. யாகப்பா, உனக்குக் கோடி நமஸ்காரம்.

டிசம்பர் 12, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்ஜினியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே, அதைப் பேசத்தான் ஃபாதர் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மெயின் கட்டடம் முழுவதும் இடித்துக் கட்ட வேண்டுமாம். பள்ளியை நடத்துகிற துறவியர் சபையில் அதற்கு வசதி இல்லையாம். ஒரு கம்பெனி கட்டித் தருகிறதாம், ஆனால் பள்ளிக்கு இல்லை. அவர்களிடம் வேலை பார்க்கிற பையன்கள் தங்குகிற ஹாஸ்டலுக்கு. நீண்ட குத்தகை. சபையின் தலைமை இல்லத்தில் முடிவாகிவிட்டது. இந்தப் பத்தாவது பரீட்சை எழுதியதும் பள்ளி மூடப்படும்.

"ஆறாவது நிறைஞ்சிருக்கே ஃபாதர்! ஆகஸ்ட்ல தாண்டிட்டோமே!"

"ஆமா."

"ஒங்களுக்கு மே மாசமே தெரியுமா? தெரிஞ்சேதான் எங்கள வெயில்ல அனுப்பினீங்களா?"

"தெரியாது சார். பயம் இருந்துச்சு. பிள்ளைங்க நெறைய சேந்துட்டா மனசு மாறுவாங்கன்னு நெனச்சேன். நானும் கெஞ்சிப் பாத்துட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிச்சல். நீங்க அழுதா நான் யார்கிட்ட போய்க் கத்துறது?

எழுந்து வரும்போது சொல்கிறார், "மலர் நிக்கலை. பவள விழா மலர்ங்கறதுக்குப் பதிலா நிறைவு மலர். கடைசி அத்தியாயம் மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க."

மாத்தி எழுதணுமாம். மாத்தி!

டிசம்பர் 13

வீட்டில் சொல்லவில்லை. இனியவன் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஐயனாரோடு சேர்ந்து வைக்கோல் தேடிக்கொண்டிருக்கிறான். இந்தக் கம்பெனி ரோட்டில் வைக்கோலுக்கு எங்கே போவான்?

டிசம்பர் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். ஷாரோன் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவன்கிட்ட எப்பிடிங்க சொல்றது?" என்றாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 21, செவ்வாய்

பெற்றோர் கூட்டம். பாதிப் பேர் ஷிப்ட் போட்டுவிட்டு நேராக யூனிபார்மோடு வந்திருந்தார்கள். ஃபாதர் பேசப் பேச, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் கொடுமை. சுடலைக்கண்ணு மட்டும் எழுந்து, "அப்ப அடுத்தாப்ல எந்தப் பள்ளிக்கூடம்னு நீங்களே சொல்லிருங்க சார்" என்றார். ஊர் ஊராக மாறிப் பழகியவர்கள். லைன் வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

தங்கமாரி என்னைப் பார்க்கவே இல்லை. நானும்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அழுகை பொம்மையாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். தலைமை இல்லத்துக்கு எல்லாரும் சேர்ந்து போய்ப் பேசலாம் என்று கூப்பிட்டேன். போன இடத்தில் நானும் கோபால் சாரும் மட்டும். ஒரு பயல் வரவில்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

தாண்டவராயன் போனில் சொன்னது: "சார், பிராக்டிகலா யோசிங்க. ரோட்டு மேல கீது எடம். அந்த எடத்துல போயி இஸ்கூல் வச்சிகினு..." அந்தத் தூணைக் கட்டிப்பிடித்த மனுஷன்! போனை வைத்துவிட்டேன். இனி அவரிடம் பேச்சில்லை.

மார்ச் 26, புதன்

பேனா மந்திரிப்பு.

ஒவ்வொரு வருஷமும் பரீட்சைக்கு முன்னால் பத்தாவது பையன்கள் தங்கள் பேனாக்களைத் தாம்பாளத்தில் வைப்பார்கள். இந்துப் பையன்கள், முஸ்லிம் பையன்கள், எல்லாரும்தான். ஃபாதர் பூசையில் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துத் திருப்பிக் கொடுப்பார். அந்தப் பேனாவால்தான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன், அப்பாவும்.

பத்தாவதுக்கு மட்டும்தான் அது. கீழ்வகுப்புக்காரர்கள் தாம்பாளத்தைத் தொடவே கூடாது. இன்றைக்குத் தாம்பாளம் பீடத்துக்குப் போகும்போது ஆறாவது வரிசையிலிருந்து ஒருத்தன் நழுவி வந்து தன் பேனாவை உள்ளே போட்டான். ஐயனார். பின்னாலேயே இனியவன். அப்புறம் மொத்த ஆறாவதும். கோபால் சார் தடுக்கப் போனார், நின்றுவிட்டார். ஒரு பயல் பென்சிலைப் போட்டான்.

ஃபாதர் தாம்பாளத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மந்திரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் இனியவனிடம் கேட்டேன், ஏன்டா அப்படி? "நாங்க பத்தாவது வரும்போது ஸ்கூல் இருக்காதுல்லப்பா. அதான் இப்பவே." யோசித்தெல்லாம் பேசவில்லை, அப்படியே சொன்னான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு கர்சீப் எடுத்தேன். தூசி என்றேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கடைசி அத்தியாயத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். 'காலத்தின் தேவைக்கேற்ப' என்று ஒரு வாக்கியம். யார் காலம், யார் தேவை? அடித்தேன். 'கனத்த இதயத்தோடு'. கல்யாணப் பத்திரிகைத் தமிழ், அதையும் அடித்தேன். கடைசியில் இந்த வருஷம் ஆறாவதில் சேர்ந்த பையன்களின் பேர்களை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன், ஊர்ப் பேரோடு. சங்கரன்கோவில், விளாத்திகுளம், ஆலங்குளம், படப்பை. ஃபாதர் படித்துவிட்டு, "இதுல வரலாறு எங்க சார்?" என்றார்.

"இதுதான் ஃபாதர்."

அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 30, புதன்

டி.சி. கொடுக்கும் நாள். வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கையெழுத்துக்கு நான் நீட்டியது மந்திரித்த பேனா இல்லை, ஆபீஸ் பேனாதான்.

தங்கமாரி வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டட்டும் என்று இருந்தேன். நியாயமாகத் திட்ட வேண்டும்.

"ஐயனார ஒரகடம் கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல சேக்கேன் சார். ஏழாங்கிளாஸ் எடம் இருக்குன்னுட்டாவ."

"மன்னிச்சிரும்மா. இருக்கும்னு சொன்னேன்."

"நீங்க பொய் சொல்லல சார். பொய் சொல்லுதவன் தன் பிள்ளையக் கொண்டாந்து சேப்பானா?" என்றவள், கொஞ்சம் தயங்கி, "தம்பி எங்க போறான்?" என்று கேட்டாள்.

இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

மே 12, 2025, திங்கள்

என்னை உபரி என்று மதுராந்தகம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போட்டிருக்கிறார்கள். கோபால் சாருக்கு வேறு திசை. "இன்னா சார் இது, வாய்க்கு ருசியா சண்டை போட ஒரு ஆள் இல்லாம பண்ட்டானுங்க" என்று போனில் சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

இனியவனும் ஐயனாரோடு ஒரகடம் போகட்டும் என்றேன். இனியவனுக்கும் அதுதான் ஆசை. ஷாரோன் இல்லை என்றாள். "ஒரு தடவை ஒங்க பேச்சைக் கேட்டேன்ல?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவனுடைய பழைய படப்பைப் பள்ளிக்கே போனேன். ஏழாவதில் இடமே இல்லை, ஆறாவதில் இருக்கிறது, தமிழ் மீடியத்தில் ஒரு வருஷம் போனதால் அதுதான் பிள்ளைக்கும் நல்லது என்றார்கள். வாத்தியார் வாத்தியாரிடம் கெஞ்சுவது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்கள் அசையவில்லை. ஷாரோன் சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் 2, 2025, திங்கள்

மதுராந்தகத்தில் சேரும் முன் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு இனியவனை நானே கொண்டுபோய் விட்டேன். டை இறுக்குகிறது என்றான், தளர்த்திவிட்டேன். பழைய கூட்டாளிகள் ஏழாவது வரிசையில் நின்றார்கள். ஒருத்தன் கையை ஆட்டி, "இனியா, இங்க வாடா, எடம் போட்டிருக்கேன்" என்று கத்தினான். இனியவன் சந்தோஷமாக ஓடினான். மிஸ் வந்து தோளைப் பிடித்துத் திருப்பி, ஆறாவது வரிசையில் கடைசியாக நிறுத்தினார்கள். அந்த வரிசையில் இவன்தான் உயரம். நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பிரேயர் முடியும் வரைக்கும்.

சாயங்காலம் பஸ் பிடித்து நான் வீட்டுக்கு வந்தபோது, ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, நான் பெயிலா?"

"இல்லடா கண்ணு. யாரு சொன்னா?"

"எல்லாரும் கேட்டாங்க. பெயில் இல்லன்னா அப்ப ஏன் மறுபடியும் ஆறாவது?"

முதலில் சாப்பிடு, அப்புறம் சொல்றேன் என்றேன். எழுபத்தைந்து வருஷ வரலாற்றை எழுதிக் கொடுத்தவனுக்கு இந்த ஒரு வருஷத்தைச் சொல்ல வார்த்தை வரவில்லை. ஷாரோன் அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

சாப்பிட்டுவிட்டான். கை கழுவிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.